அரிமளத்து பர்கரும் தோஹா பெட்டியும்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருச்சி விமான நிலைய நிறுத்தத்தில் புதுக்கோட்டை பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். அங்கே என்னைப் போல ஒரு தோள்பையோடு நிற்பவர்கள் குறைவு. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவர்கள்தான். பெரிய பெரிய பெட்டிகளைக் கயிற்றால் வரிந்து கட்டி, அதன்மேல் பெயரும் ஊரும் எழுதி, தூக்கக் கலக்கத்தோடு நிற்பார்கள். பேருந்து வந்ததும் நடத்துநர் பெட்டிகளைப் பார்த்து முகம் சுளிப்பார், பிறகு அவரே இறங்கி ஒரு கை பிடிப்பார். அன்றும் அப்படித்தான் நடந்தது. ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவே காலை மடக்கி உட்கார்ந்தேன்.

நான் புறப்பட்டது அரிமளத்துக்கு, பர்கர் சாப்பிட. "திருச்சியில கிடைக்காத பர்கரா அரிமளத்துல கிடைக்கப்போகுது?" என்று என் கணவர் கேட்டார். கிடைக்காதுதான். ஆனால் நான் போவது வெறுமனே சாப்பிட அல்ல, தீர்ப்புச் சொல்ல.

இதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். நகை, புடவை எதிலும் பெரிய பிடிவாதம் கிடையாது. பர்கர் விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பன்னின் வெட்டிய முகம் வெண்ணெயில் சிவக்க வேண்டும். உள்ளே வைக்கும் கறித்தட்டை பன்னைவிட அரை விரல் அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வாய் வெறும் பன்னாகப் போய்விடும். சீஸ் சூட்டில் உருகிக் கறியோடு ஒட்டியிருக்க வேண்டும். வெங்காயம் வட்டமாக, பச்சையாக, கறிக்கு அடியில். தக்காளி கூடவே கூடாது, அது பன்னை நனைத்த துணியாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பர்கர் வாய்க்குள் போகும் உயரத்தில் இருக்க வேண்டும். குச்சி குத்தி நிறுத்தவேண்டிய உயரத்தில் ஒன்றைக் கட்டிவிட்டு, அதைச் சாப்பாடு என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

என்னுடைய இந்தக் கொள்கைகளையெல்லாம் முப்பது வருடமாகப் பொறுமையோடு கேட்பவள் ஸ்டெல்லா, கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. ஆவூர்க்காரி. இப்போது அரிமளத்தில் ஆசிரியை. போன ஜூனில்தான் மாற்றலாகி அங்கே போனாள். அவள் கணவர் ஆரோக்கியம் அண்ணனும் ஆவூர்தான். தோஹாவில் ஒரு பர்கர் கடையின் அடுக்களையில் ஒன்பது வருடம் நின்றவர். பொங்கலுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அரிமளம் கடைத்தெருவில் ஒரு சின்ன இடம் பிடித்து, புதன்கிழமை மாலை பர்கர் கடை திறப்பதாக ஏற்பாடு. சுவையைப் பார்த்துச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

தொலைபேசியில் ஸ்டெல்லா சொன்ன இன்னொரு விஷயம் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. "அங்கிட்டு இன்னும் அவரு வேலையை ஆளு போடாம வச்சிருக்காங்க மீனா. இந்த மாசக் கடைசிக்குள்ள வாரேன், வரலைன்னு சொல்லணும். கடை எடுபடலைன்னா மறுபடி ஏறிருவாரு. நான் வாயத் திறந்து இருங்கன்னு சொல்லவே மாட்டேன். அப்புறம் என்னாலதான் முடங்கிப்போனேன்னு ஆயிரும்." சொல்லிவிட்டு அவளே பேச்சை மாற்றி, பன் எத்தனை வாங்கி வரவேண்டும் என்று கணக்குச் சொன்னாள்.

கீரனூரில் பேருந்து பாதி காலியாகி மறுபடி நிறைந்தது. ஆவூருக்கு அங்கிருந்து உள்ளே போக வேண்டும். ஈஸ்டருக்காக இரண்டு வாரம் ஆவூரில் இருந்துவிட்டு, திங்கட்கிழமைதான் இருவரும் அரிமளம் திரும்பியிருந்தார்கள். தவக்காலம் முழுக்க அண்ணன் கறி தொடவில்லை. நோன்பு முடிந்த கையோடு கோழி பர்கர் கடை திறப்பது நல்ல சகுனம் என்பது அவர் எண்ணம்.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் புதுக்கோட்டை. திருச்சியிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு பேக்கரியில் சொல்லி வைத்திருந்த பன்களை வாங்கினேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டு ரூபாய், மேலே எள் தூவியது. ஒன்றை அங்கேயே அழுத்திப் பார்த்தேன். அமுங்கி, மெல்ல எழுந்தது. எனக்குத் திருப்தி. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அரிமளத்துக்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பன் பெட்டிக்கும் சேர்த்தே அந்தச் சலுகை என்று நானாக முடிவு செய்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கைப்பை நிறைய மஞ்சள் துணியும் நூல்கண்டும் வைத்திருந்தாள். பன் வாசனை அவளைப் பேச வைத்தது.

"விசேஷமா யக்கா?"

"நாளைக்கு அரிமளத்துல ஒரு பர்கர் கடை திறப்பு. சிக்கன் பர்கர்."

"நாளைக்கா?" அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்காரர் கடைதானே? நான் அவங்க பக்கத்துக் கடை. தையல் கடை சாந்தின்னா தெரியும். நாளைக்கேவா திறக்குறாங்க?"

"ஏன், நாள் நல்லாத்தானே இருக்கு?"

"நாளு நல்ல நாளுதான் யக்கா," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழியெல்லாம் முந்திரித் தோப்பும் வெயிலும். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அரிமளத்தில் இறங்கியபோது அசந்துபோனேன். கடைத்தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். கம்பத்துக்குக் கம்பம் குழல்விளக்கு. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். "ஒரு பர்கர் கடைக்கு இவ்வளவு அமர்க்களமா!" என்றேன் சாந்தியிடம். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

கடை வாசலில் ஸ்டெல்லாவும் ஆரோக்கியம் அண்ணனும் பெயர்ப்பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். "வாம்மா தங்கச்சி!" என்றார் அண்ணன், ஏணியில் நின்றபடியே. ஐம்பதை நெருங்குபவர், கண்ணாடி போட்டவர், எதையும் துடைத்துவிட்டே கீழே வைப்பவர்.

சாந்தி மெதுவாக ஆரம்பித்தாள். "டீச்சர், இன்னிக்கு அந்தியில அம்மனுக்குக் காப்புக் கட்டுறாங்க. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"திருவிழா சித்திரை கடைசியிலதானே?" என்றாள் ஸ்டெல்லா.

"இந்த வருஷம் முன்னாடியே வச்சுட்டாங்க. போன வாரம் ஊர்க்கூட்டம் போட்டு முடிவு பண்ணாங்க. மைக்குல சொல்லிக்கிட்டே போனாங்களே."

போன வாரம் இவர்கள் இரண்டு பேரும் ஆவூரில் பாஸ்கா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் தேரோட்டம் முடியும்வரை ஊரில் ஒரு வீட்டிலும் கறி, மீன், முட்டை கிடையாது. கோழிக்கடைக்காரரே பூட்டிக்கொண்டு போய்விடுவார். தன் நோன்பை ஒழுங்காக முடித்துவிட்டு, ஊர் நோன்பின் முதல் நாளில் கோழிக்கடை திறக்க வந்திருக்கிறார் அண்ணன். ஏணியிலிருந்து இறங்கி, சுத்தியலைத் துடைத்து, கீழே வைத்தார்.

"தள்ளி வச்சிருவோமா?" என்றாள் ஸ்டெல்லா.

"தேரு முடியுறதுக்குள்ள மாசம் முடிஞ்சுருமே," என்றார் அவர்.

சாயங்காலம் கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. தெருவில் மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டு போனார்கள். காப்புக் கட்டும்போது ஊரில் இருப்பவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்று சாந்தி சொன்னாள். "ஒங்களுக்கில்ல யக்கா, நீங்க விருந்தாளி," என்று பயந்துபோன என்னைத் தேற்றினாள். வீட்டுக்கு ஒரு கிண்ணம் நிறைய பலாப்பிஞ்சுப் பொரியலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆரோக்கியம் அண்ணனைத் தேற்றுவதற்காக நான் பர்கர் பேச்சை எடுத்தேன். வெங்காயம் கறிக்கு அடியிலா மேலேயா என்று வம்புக்கு இழுத்தேன். வேறு நாளாயிருந்தால் பாய்ந்து வந்திருப்பார். அவருடைய கட்சி, அடியில் இலை, அதன்மேல் கறி, அதன்மேல்தான் மற்றதெல்லாம். "சாறு கீழ எறங்கும் தங்கச்சி, இலைதான் தடுக்கணும்" என்று ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். அன்று "ம்" என்றதோடு சரி. பொரியலை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறி மாதிரியே நார் நாரா இருக்குல்ல?" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவப் போனார். பீரோவின் மேல் அவருடைய தோஹா பெட்டி இருந்தது. கருநீல நிறம், நான்கு சக்கரம், விமானத்துச் சீட்டு இன்னும் கைப்பிடியில் ஒட்டியிருந்தது. ஸ்டெல்லா அதைப் பார்க்காதது போலவே தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

புதன்கிழமை காலை நான் எழுந்து வரும்போது ஸ்டெல்லா பீரோவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேலே பெட்டி இல்லை. அண்ணனும் இல்லை. அவர் போன் மேசைமேல் சார்ஜில் கிடந்தது.

"கடைக்குப் போயிருப்பாருடி," என்றேன்.

"பெட்டிய எடுத்துக்கிட்டா?"

வாசலுக்கு வந்தோம். எதிர்வீட்டுப் பெரியவர் பல் துலக்கிக்கொண்டே தானாகச் சொன்னார். "சார் பெட்டியோட மொத வண்டிக்கு ஏறினாருங்களே, டீச்சர். பயணமா? காப்புக் கட்டியாச்சே, சொல்லலியா யாரும்?"

ஸ்டெல்லா பதறவில்லை, அழவுமில்லை. உள்ளே போய் அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். "சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல மீனா," என்றாள். எனக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாஸ்போர்ட் எங்கே இருக்கும் என்று கேட்டேன். பார்க்க மாட்டேன் என்றாள். பார்த்தால் தெரிந்துவிடுமாம். அந்தக் காலைப்பொழுதைப் போல நீண்ட காலைப்பொழுதை நான் கண்டதில்லை.

பத்தரை மணிவாக்கில் தெருமுனையில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் ஆரோக்கியம் அண்ணன். தலையெல்லாம் புழுதி. பெட்டியை இறக்கித் தடதடவென்று உருட்டிக்கொண்டு வந்து, நடுக்கூடத்தில் படுக்கவைத்து, ஜிப்பை இழுத்தார். உள்ளே வரிசையாகப் பச்சைப் பச்சையாய்ப் பலாப்பிஞ்சுகள்.

"வடகாட்டுப் பலாத் தோப்பு வரைக்கும் போயிட்டு வாரேன். கிலோ முப்பது ரூபாய்னு குடுத்தாங்க. வீட்டுல சாக்கு ஒண்ணு கூட இல்லை. இதுக்குச் சக்கரம் இருக்குல்ல, அதான்..." என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "ஏன், என்னாச்சு?"

"எங்கிட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு உட்கார்ந்து அழுதாள், அழுகையின் நடுவிலேயே சிரித்தாள். அவர் எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் பலாப்பிஞ்சைப் பார்த்தேன்.

பலா வெட்டுகிறவர்கள் பால் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவசரத்தில் அண்ணன் காய்களைப் பால் வடியவிட்டு எடுத்துவர மறந்திருந்தார். காம்பில் வடிந்த பாலெல்லாம் பெட்டியின் உள்துணியில் இறங்கியிருந்தது. ஜிப்பிலும் அப்பியிருந்தது. பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தோம்.

சாந்தி தன் தையல் கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டாள். வந்ததும் போலீஸ்காரர் மாதிரி விசாரணை. "கல்லு புதுசா?"

"இன்னும் அடுப்புல ஏத்தவே இல்லை."

"அந்த வெள்ளை சாஸ்ல என்ன இருக்கு?"

"முட்டை," என்று நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அது போயிற்று. ஃப்ரீசரில் இருந்த கோழித்தட்டைகளை ஸ்டெல்லாவின் தம்பி ஆவூரிலிருந்து வண்டியில் வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. பன்னில் முட்டை இல்லை என்று பேக்கரிக்கு போன் போட்டு நானே உறுதி செய்தேன்.

பிஞ்சை வேகவைத்து, நார் நாராக உதிர்த்து, ஊறிய கடலைப்பருப்பை ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்து, சோம்பு, பட்டை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்தோம். தட்டையின் அகலத்தில் நான் ஜெயித்தேன். பன்னைவிட அரை விரல் பெரிது. முட்டை சாஸுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் புதினா அரைத்துக் கலந்தோம். ஊறுகாய் வெள்ளரிக்குப் பதில் பச்சை மாங்காயைச் சீவி உப்பும் மிளகாய்த்தூளும் தூவினாள் ஸ்டெல்லா. சீஸ் விஷயத்தில் மட்டும் நான் தோற்றேன். தயிரும் சீஸும் ஒரே வாயில் வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். தின்றுபார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. முப்பது வருடக் கொள்கை, வலிக்கத்தான் செய்தது. வெங்காயம் கடைசியில் அடியிலும் இல்லை, மேலேயும் இல்லை. உள்ளேயே போய்விட்டதால் அந்தச் சண்டை தீர்ப்பில்லாமல் முடிந்தது. தக்காளியை மட்டும் நான் வாசற்படி மிதிக்க விடவில்லை.

ஆறு மணிக்குக் கடை திறந்தோம். ஒரு பர்கர் அறுபது ரூபாய். கோயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகத் தெருவில் நல்ல கூட்டம். எல்லோரும் எதிர்ச்சாரியில் நின்று பலகையைப் படித்தார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை. கறிக்கடை என்று கேள்விப்பட்ட இடத்தில் விரதக்காரர்கள் எப்படிக் கை நனைப்பார்கள்? ஆரோக்கியம் அண்ணன் துடைத்த கல்லையே துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா கல்லாவில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் மதம் பார்க்காமல் கூப்பிட்டேன்.

அப்போது சாந்தி மஞ்சள் புடவையில், நெற்றி நிறையத் திருநீறோடு கோயிலிலிருந்து வந்தாள். நேராகக் கல்லுக்கு முன்னால் வந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "போணி என்னோடது. ஒண்ணு குடுங்கண்ணே," என்றாள். பணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். பிறகு எதிர்ச்சாரியைப் பார்த்து, "இங்கிட்டு வாங்க, ஏன் நிக்கிறீங்க? அரைச்சதுலேருந்து கூடவே இருந்தவ சொல்றேன். புதுக் கல்லு, பலாக்காய். உள்ள வந்து வேணும்னாலும் பாருங்க!" என்றாள்.

அண்ணன் அடுக்களைத் தடுப்பை முழுசாக விலக்கிவிட்டார். இரண்டு பெண்கள் உள்ளே போய்ப் பார்க்கவே பார்த்தார்கள். சாந்தி பர்கரை வாங்கினாள். அவள் மேல் பன்னைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தட்டையைப் பிட்டு, தயிரில் தொட்டு, வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு பன்னைப் பிய்த்து, மாங்காயோடு சேர்த்து இட்லி மாதிரிச் சாப்பிட்டாள்.

"அப்படியில்ல சாந்தி, மொத்தமா கடிக்கணும்!" என்று கத்தியேவிட்டேன்.

"எப்படித் தின்னா என்ன யக்கா, நல்லாருக்கு," என்றாள்.

அவளைப் பார்த்து வந்தவர்கள் எல்லோரும் அவளைப் போலவே சாப்பிட்டார்கள். வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். எது மேலே எது கீழே என்று நான் வாழ்நாளெல்லாம் யோசித்துக் கட்டிய கட்டடத்தை அரிமளத்துக்காரர்கள் ஆளாளுக்குப் பிரித்து மேய்ந்தார்கள். ஒருவர் தட்டையை மட்டும் பொட்டலம் கட்டித் தரச் சொன்னார், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள. எனக்குச் சிரிப்பும் ஆற்றாமையும் ஒன்றாக வந்தன. ஏழரை மணிக்குள் பன் தீர்ந்துபோனது. நாளைக்கும் உண்டா என்று கேட்டவர்களுக்கு ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள், "உண்டு, உண்டு" என்று. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள்.

வியாழன் காலை நான் புறப்பட்டபோது அந்தப் பெட்டி வாசலில் திறந்தபடி வெயிலில் கிடந்தது. பலாப்பால் காய்ந்து, உள்துணி சுருங்கி, ஜிப் பாதியில் இறுகி நின்றது. ஆரோக்கியம் அண்ணன் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயும் கந்தல் துணியும் எடுத்துக்கொண்டு வந்து குந்தினார். அவருக்குத்தான் எதையும் துடைக்காமல் இருக்க முடியாதே.

"எண்ணெய் போட்டுத் தேய்ச்சா சுத்தமாப் போயிரும்ணே," என்றாள் சாந்தி, கடை திறக்கப் போகிற வழியில் நின்று.

ஸ்டெல்லா வந்து அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். "வேண்டாங்க. அது அப்படியே கிடக்கட்டும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர், "கிடக்கட்டும்ங்கிறியா?" என்றார்.

"ஆமா. கிடக்கட்டும்."

அவர் எழுந்து, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தெருவோரம் வேப்பமரத்தடிக்குப் போனார். பாதி இந்தியும் பாதி ஆங்கிலமுமாக யாரிடமோ பேசினார். எனக்கு இந்தி தெரியாது. "நஹி பாய், நஹி" என்பது மட்டும் மூன்று நான்கு தடவை கேட்டது; நஹி என்றால் இல்லை என்பது எனக்குக்கூடத் தெரியும். ஸ்டெல்லா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, எனக்கு டாட்டா காட்டக்கூட மறந்து உள்ளே போனாள்.

புதுக்கோட்டையில் வண்டி மாறி, மத்தியானம் விமான நிலைய நிறுத்தத்தில் இறங்கினேன். எதிரே ஒரு குடும்பம் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. போகிறவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவர் பெட்டியை இறக்க, அவர் மனைவி கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தபடியே தோள்பையை மறு தோளுக்கு மாற்றினேன். வார் என் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பலாப்பால் ஒரு நாளாகியும் போகவில்லை. வீட்டில் எண்ணெய் இருக்கிறது, தேய்த்தால் போய்விடும். அன்று முழுக்க நான் தேய்க்கவில்லை.